கடற்கரை நெடுக ஒரு ‘நீங்கள்’

லண்டனில் பஸ் ஓட்டுகிறவன் விடுமுறையில் வாகனத்தில் ஏறவே கூடாது என்று என் மனைவி வசந்தி சொல்லுவாள். அதில் நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரெதம் மேட்டில் நாள் முழுக்க இரட்டைத் தட்டு பஸ்ஸை ஏற்றி இறக்குகிற எனக்கு ஓய்வு என்றால், டூட்டிங் வீட்டுச் சோபாவில் கால் நீட்டிப் படுப்பதுதான். அப்படிப்பட்ட நான் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஐந்து நாள் காருக்குள் இருந்தேன். கடல் பார்க்கும் ஆசையில் போகவில்லை. ஒரு சொல்லைத் திருப்பி வாங்கப் போனேன்.

சார்லட் நகரத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். வசந்திக்கு மருத்துவமனையில் லீவு இல்லை, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. வீட்டுக்கு ஒருவராவது தலையைக் காட்ட வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். ஹவுன்ஸ்லோவில் இருக்கிற என் அண்ணைதான் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அவருக்கு வேலையே அங்கேதான், பெட்டி ஏற்றி இறக்குவது. என் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கிலோ கூட,” என்றார். தராசும் அதையே சொன்னது. அவர் வெளியே எடுத்துப் போட்டது கலியாணத்துக்குப் போட நான் வைத்திருந்த நல்ல சப்பாத்துச் சோடியை. என் பழைய சிநேகிதன் குலத்துக்கென்று அவர் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் பொதி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

“குலம் கலியாணத்துக்கு வருவான். கட்டாயம் கதை,” என்றார்.

“அவன் என்னோட ‘நீங்கள்’ எண்டெல்லோ அண்ணை கதைக்கிறவன்.”

“அப்ப நீயும் ‘நீங்கள்’ எண்டு கதை. ஆர் முதல் களைக்கிறது எண்டு பார்ப்பம்.”

யாழ்ப்பாணத்தார் அல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களிடம் முன்னால் நிற்பவரை விளிக்க மூன்று சொற்கள் உண்டு. நெருங்கியவனுக்கு ‘நீ’. பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் ‘நீங்கள்’. நடுவில் ‘நீர்’ என்று ஒன்று, மரியாதையும் வேண்டும் அதிகாரமும் வேண்டும் என்கிற இடங்களுக்கு. வாத்தியார் மாணவனை ‘நீர்’ என்பார், புருஷன் பெண்சாதியை ‘நீர்’ என்பான். ‘நீ’ என்று கதைத்தவன் ஒருநாள் ‘நீங்கள்’ என்று தொடங்கினால் அவன் கதவைச் சாத்திவிட்டான் என்று அர்த்தம். உள்ளே இருந்து பூட்டும் போட்டுவிட்டான்.

குலமும் நானும் ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். குளிருக்கு ஒரே ஒரு நல்ல கோட்டு இருந்தது. அலுவல் உள்ளவன் போட்டுக்கொண்டு போவான், மற்றவன் கட்டிலில் போர்த்துக்கொண்டு கிடப்பான். பிறகு நான் லண்டனுக்கு வந்தேன், அவன் அமெரிக்காவுக்குப் போனான். அவனிடம் போன் இல்லாத காலம் அது. ஊரிலிருந்து அவனுக்கு வருகிற செய்தியெல்லாம் என் வீட்டுப் போனுக்குத்தான் வரும். அவனுடைய அப்பா எடுத்தால், மகனை விசாரிக்க முதல் நான் சாப்பிட்டேனா என்றுதான் கேட்பார். அவன் தெருவோரப் போனிலிருந்து எனக்கு எடுத்து, “என்ன புதினம்?” என்று கேட்பான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து அவனுடைய தம்பி எடுத்தான். அப்பா மோசம் போய்விட்டார், ஊரில் தகனமும் முடிந்துவிட்டது, அண்ணைக்குச் சொல்லிவிடுங்கள் என்றான். குலத்துக்கு அகதி விசாரணை இன்னும் எட்டு நாளில். வாழ்வா சாவா என்று அவன் தூங்காமல் படித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகவும் வழி இல்லை. சொன்னால் அங்கே போய் உடைந்து நிற்பான் என்று நினைத்தேன். அதனால் சொல்லவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் எடுத்து “என்ன புதினம்?” என்றான். நான் ஒவ்வொரு நாளும் “ஒண்டும் இல்லை” என்றேன். விசாரணை நல்லபடி முடிந்தது. முடிவு கையில் கிடைக்கட்டும் என்று இன்னும் நாலு நாள் தள்ளினேன். பன்னிரண்டாம் நாள் சொன்னேன்.

குலம் மூத்த பிள்ளை. தகப்பன் செத்த துடக்கில், அந்தத் தீட்டு நாட்களில், மச்சம் மாமிசம் தொடாமல் இருக்க வேண்டியவன், பன்னிரண்டு நாளும் எல்லாம் தின்றுவிட்டான். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். பிறகு, “சொன்னதுக்கு நன்றி. நீங்கள் போனை வையுங்கோ,” என்றான். அதுதான் முதலாவது ‘நீங்கள்’. பதினொரு வருடமாக அது மாறவில்லை.

கலியாண வீட்டில் குலம் எனக்குக் கை கொடுத்தான். “எப்பிடி இருக்கிறீங்கள்?” என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ரஞ்சிக்கு அது பொறுக்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு கிழமை லீவு இருப்பதை அறிந்து, குலத்தின் வேலையை நிற்பாட்டி, காரில் தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றி, “ரெண்டு பேரும் கடற்கரைப் பக்கம் போட்டு வாங்கோ. ‘நீங்கள்’ எண்டு கொண்டு திரும்பி வந்தால் நான் கதவு திறக்க மாட்டன்,” என்று சொல்லித் திங்கட்கிழமை காலை எங்களைத் தள்ளிவிட்டாள். இப்படித்தான் எங்கள் உல்லாசப் பயணம் தொடங்கியது.

தொடங்கும்போதே நான் லண்டனில் ஓட்டுகிற பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினேன்; அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் தப்பினேன். தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் தலைகீழாகிவிட்டது. இம்முறை யோசித்து, நிதானமாக, சரியென்று நம்பி, ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தேன். குலம் வெளியே நின்று பார்த்தான். “நீங்கள் ஓட்டப் போறீங்களோ?” என்றான், சிரிக்காமல்.

மேர்ட்டில் கடற்கரைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நான் அறிந்த கடற்கரை பிரைட்டன்தான். கூழாங்கல்லில் பாயைப் போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, இடியப்பப் பொதியைப் பிரித்து, காற்று சம்பலைத் தூக்கிப் போகாமல் கையால் மூடிக்கொண்டு தின்பது. இங்கே மணல் மாவாக இருந்தது. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கடலுக்குப் பக்கத்துத் தெருவிலோ, கடலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் சீமெந்து எரிமலைகளும் கடற்கொள்ளைக் கப்பல்களும் கட்டி அதற்குள் சின்னப் பந்தைக் குழிக்குள் தட்டி விளையாடுகிறார்கள். பான்கேக் கடைகளோ டூட்டிங்கின் சாப்பாட்டுக் கடைகளை விட நெருக்கமாக இருந்தன.

தங்கிய மோட்டலின் முதலாளி குஜராத்திக்காரர். எங்களைக் கண்டதும் கவுண்டருக்குப் பின்னால் இருந்து இஞ்சித் தேநீர் வந்தது. “லண்டனில் எனக்கும் மச்சான்மார் இருக்கிறார்கள்,” என்றார், ஏதோ நானும் அவர்களுக்குப் பக்கத்து வீடு என்பது போல. குலம் குளிர்சாதனம் திருத்துகிற தொழில் செய்பவன். அறைக்குள் போனதும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஏசிக்குக் காது கொடுத்தான், டாக்டர் நெஞ்சு பார்ப்பது மாதிரி. பிறகு கத்தியால் ஒரு திருகாணியை இறுக்கினான். சத்தம் நின்றது. “இனி நீங்கள் நித்திரை கொள்ளலாம்,” என்றான். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் வீதியோரத்தில் ஒரு கிழவர் பெரிய அண்டாவில் எதையோ அவித்துக்கொண்டிருந்தார். குலம் காரை ஓரங்கட்டினான். அவித்த கச்சான். கோதுடன், உப்புப் போட்டு அவித்த அதே நிலக்கடலை. எங்களைப் பார்த்த கிழவர், “வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிக்காது, முதலில் ஒன்று தின்று பாருங்கள்,” என்று எச்சரித்தார். நாங்கள் இரண்டு பேரும் பல்லால் கோதை உடைத்து, உள்ளே இருக்கிற உப்புத் தண்ணீரை முதலில் உறிஞ்சி, பிறகு பருப்பை எடுத்த வேகத்தைக் கண்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “எங்கே பழகினீர்கள்?” என்றார். “கோயில் திருவிழாவில்,” என்றேன். அவருக்கு என்ன விளங்கியதோ, இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

அந்தப் பக்கத்து மனிதர்களின் மரியாதை எனக்குப் புதிது. பெற்றோல் அடிக்கிறவர் ‘சேர்’ என்கிறார். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற அம்மா என்னைத் ‘தேனே’ என்கிறார், குலத்தைச் ‘செல்லம்’ என்கிறார். லண்டனில் முப்பது பேர் ஏறினால் இரண்டு பேர் காலை வணக்கம் சொல்லுவார்கள், அதில் ஒருவருக்கு டிக்கெட் இருக்காது. ஆனால் ஆங்கிலத்தில் எனக்கு ஒரு நன்மை தெரிந்தது. அதில் இருப்பது ஒரே ஒரு ‘யூ’. அதை வைத்து எவரும் எவரையும் தள்ளி நிற்பாட்ட முடியாது.

சார்ள்ஸ்டனுக்குப் பக்கத்துக் கடற்கரையில், மரத்தூண்களில் நிற்கிற ஒரு கடையில் நண்டு சாப்பிட உட்கார்ந்தபோது இந்த யோசனை வந்தது. பரிமாறுகிற அம்மா மேசைப் பக்கம் வரும்போதெல்லாம் நான் ஆங்கிலத்துக்கு மாறினேன். மரியாதைக்காகக் குலமும் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். ‘யூ’ இந்தக் காலை எடு, ‘யூ’ இந்தச் சோஸைப் போடு. ஒவ்வொரு ‘யூ’வையும் நான் மனதுக்குள் ‘நீ’ என்று மொழிபெயர்த்து ரகசியமாகச் சந்தோஷப்பட்டேன். நாலாவது தடவை நான் மாறியபோது அவன் என்னைக் கூர்ந்து பார்த்தான். விளங்கிவிட்டது. “யூ கான் டேக் த லாஸ்ட் வன், சேர்,” என்றான். அந்த ‘சேர்’ பேச்சின் கடைசியில் வந்து ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் கடலைப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஜோர்ஜியா. சவானாவின் பெரிய மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்கியது. பார்க்க அழகு. ஆனால் கிளைகள் தாழ்ந்து கிடப்பதைக் கண்ட எனக்கு, இந்தத் தெருவில் இரட்டைத் தட்டு பஸ் போனால் மேல்தட்டுக் கண்ணாடி என்ன ஆகும் என்றுதான் யோசனை ஓடியது. அதைத் தாண்டி டைபீ என்ற சின்னத் தீவில் தங்கினோம். இது ஆமை முட்டையிடுகிற காலம், கடல் பக்கத்துத் திரையை இழுத்து மூடுங்கள், வெளிச்சம் கண்டால் ஆமை வழி தவறிவிடும் என்று மோட்டல் பெண் எழுதியே கொடுத்தாள். அகதியாக அலைந்த இரண்டு பேருக்கு இந்த நாட்டு ஆமை மேல் லேசான பொறாமை வந்தது. நான் அதைச் சொன்னேன். குலம் தலையாட்டினான்.

என் லண்டன் கைபேசி அமெரிக்காவில் வேலை செய்யவில்லை. ஆபத்து அந்தரத்துக்கு என்று எல்லோருக்கும் குலத்தின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். நான் பேசுவதென்றால் மோட்டல் போனில், கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையின் நம்பரைச் சுரண்டி, இருபது இலக்கம் அடித்து, அது சொல்லுகிற மிச்ச நிமிடங்களைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுப் பேச வேண்டும். முதலில் வசந்திக்கு எடுத்தேன். பிறகு அண்ணைக்கு.

“இன்னும் ‘நீங்கள்’தானோ?” என்றார் எடுத்த எடுப்பில்.

“ஓம் அண்ணை.”

“ ‘நீர்’ ஆவது வரேல்லையோ?”

“இல்லை.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “எத்தினை மணி எண்டாலும் பரவாயில்லை. ‘நீ’ எண்டு சொன்ன உடன எனக்கு எடு. நான் பந்தயம் கட்டியிருக்கிறன்.”

“ஆரோட?”

“உன்ர மனிசியோட. அவ உனக்கு ஏலாது எண்டுறா.”

பின்னேரம் மரப்பாலத்தில் நடந்தோம். தூண்டில் போட்டவர்களும் கூழைக்கடாக்களும் ஒரே பொறுமையுடன் காத்திருந்தார்கள். அண்ணையின் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் நான் தொடங்கினேன்.

“குலம், நான் செய்தது பிழை. பதினொரு வருசமாச் சொல்ல நினைக்கிறன்.”

அவன் கைப்பிடியில் சாய்ந்து நின்றான். கோபம் எதுவும் இல்லாத குரலில்தான் பேசினான்.

“பிழை எண்டு ஆர் சொன்னது? எல்லாரும் நீங்கள் செய்தது சரி எண்டுதான் சொன்னவை. ரஞ்சியும் அதைத்தான் சொல்லுறா. கேஸ் வெண்டது, நான் இஞ்ச இருக்கிறன், பிள்ளையள் படிக்குதுகள். எல்லாம் சரி.”

“பிறகு?”

“விசாரணை முடிஞ்ச அண்டைக்கு அப்பா செத்து எட்டாம் நாள். நான் பெடியளோட ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டுப்போட்டு உங்களுக்குப் போன் எடுத்தனான். பகிடி விட்டுச் சிரிச்சனான். நீங்களும் என்னோட சேர்ந்து சிரிச்சனீங்கள். மறைச்சதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு.”

எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிற சத்தத்தை மட்டும் அவனுக்கு அனுப்பினேன். அதை அவனிடம் சொல்லி என்ன பயன்? நாங்கள் திரும்பி நடந்தோம்.

நாலாம் நாள் புளோரிடாவுக்குள் நுழைந்தோம். அங்கே சில இடங்களில் கடற்கரை மணலிலேயே கார் ஓட்ட விடுகிறார்கள். தண்ணீர் ஓரத்தில் இறுகின மணல் இருக்கும், அதில் ஓட்டலாம் என்று குலம் சொன்னான். அவன் ஓட்டிய இடம் இறுகாத மணல். பின் சில்லு இரண்டும் பாதி வரைக்கும் புதைந்தன. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் முந்தியதை விட ஒரு முழம் கிட்ட வந்து பார்த்துவிட்டுப் போனது.

நான் இறங்கித் தள்ளினேன். அவன் கார்க் கண்ணாடியை இறக்கி, “நல்லாத் தள்ளுங்கோ! லண்டன்ல பஸ் ஓட்டுறனீங்கள், இது தெரியாதோ?” என்று கத்தினான். இந்த அந்தரத்தில் ஒரு ‘நீ’ தவறி விழும் என்று எதிர்பார்த்திருந்தேன். வாயில் மணலும் உப்புத் தண்ணீரும் விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பெரிய லொறி மாதிரி ஒரு வாகனத்தில் வந்த தகப்பனும் மகளும் எங்களைக் கண்டு நின்றார்கள். மகள்தான் கயிற்றைக் கட்டினாள், மகள்தான் இழுத்தாள். தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு, “இவள் எனக்குச் சொல்லித் தருவாள்,” என்றார் பெருமையாக. நன்றிக்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது மிச்சக் கச்சான் பை மட்டும்தான். அதை வாங்கிக்கொண்டு, “நீங்கள் இருவரும் சகோதரர்களா?” என்று கேட்டார்.

நான் குலத்தைப் பார்த்தேன்.

“இல்லை,” என்றான் ஆங்கிலத்தில். “இவரைக் கனகாலமாகத் தெரியும்.”

அன்றைக்குக் காருக்குள் உடுப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவுதான், வசந்தி பந்தயத்தில் வெல்லப் போகிறாள் என்று முடிவு செய்தேன். ஒரு வேளை சில பிழைகளுக்கு மன்னிப்பு என்பது, ஏசி திருத்தித் தருவதும் ஐந்து நாள் கார் ஓட்டுவதும் மட்டும்தானோ என்று நினைத்தேன். நினைக்க நினைக்க மனம் வலித்தது.

ஐந்தாம் நாள் சென்ற் ஒகஸ்டின். ஸ்பானியர் கட்டிய பழைய கோட்டை, கடலைப் பார்த்தபடி துருப்பிடித்த பீரங்கிகள். யாழ்ப்பாணக் கோட்டை அளவுக்கு இல்லை என்று நான் அங்கே வந்த ஒரு ஜப்பானியத் தம்பதிக்கு இலவசமாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, குலத்தின் போன் அடித்தது. அவன் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். திரும்பி வர நேரம் எடுத்தது.

“ஆர்?”

“ரஞ்சி.”

“என்ன புதினம்?”

“ஒண்டும் இல்லை,” என்றான்.

கோட்டையை நான் முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் சரி என்று என்னோடு படி ஏறினான், இறங்கினான். வெயில் கொளுத்தியது. ஒரு சுவர் ஓரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“வெயிலுக்குள்ள நிக்காத. நீ இஞ்சால நிழலுக்கு வா.”

என் காது என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். திரும்பக் கேட்கவும் பயம், கேட்டால் வாபஸ் வாங்கிவிடுவானோ என்று. நிழலுக்குப் போனேன். ஐந்து நிமிடம் கழித்து, “உனக்குப் பசிக்கேல்லையே?” என்றான். அப்போது உறுதியானது.

ஆற்றோரத்தில் ஒரு கடைக்குப் போனோம். நான் பெரிய தட்டில் பொரித்த இறால் சொன்னேன். வென்றவன் சாப்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் சாப்பிட்டேன். குலம் அவித்த சோளமும் பொரித்த வெண்டிக்காயும் மட்டும் சொன்னான். அதையும் தொட்டுத்தான் பார்த்தான்.

“என்னடா, இறால் வேண்டாமோ?”

“வெள்ளிக்கிழமையல்லோ.”

“நாலு நாளா நண்டு தின்னேக்க இல்லாத பக்தி,” என்றேன். அவன் சிரித்தான். நான் ஜப்பானியத் தம்பதியின் கதையை, முகபாவத்தோடு, இரண்டு தரம் சொன்னேன். அதற்கும் சிரித்தான். “இன்னும் கொஞ்சம் சாப்பிடு. நீ காலமையும் வடிவாச் சாப்பிடேல்லை,” என்று தன்னுடைய சோளத்தையும் என் பக்கம் தள்ளினான். பதினொரு வருடத்துச் சாப்பாட்டையும் அன்றைக்கே சாப்பிடுகிறவன் மாதிரி நான் தட்டைத் துடைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து மணியைப் பார்த்தேன். லண்டனில் ஏழு மணியை நெருங்கியிருக்கும். அண்ணை வேலையால் வந்து தேநீரோடு உட்கார்ந்திருப்பார். மோட்டலுக்குப் போய் இருபது இலக்கம் அடிக்கிற பொறுமை எனக்கு இல்லை.

“குலம், உன்ர போனை ஒருக்கால் தா. அண்ணைக்கு எடுக்கவேணும். அவர் ஒரு செய்திக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

குலம் போனின் மேல் கையை வைத்தான். எடுத்துத் தரவில்லை. கையின் கீழே அந்தப் போனை அவன் அழுத்திப் பிடித்திருந்த விதத்தில் எனக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது.

“அண்ணை மோசம் போயிட்டாரடா,” என்றான். “இண்டைக்கு விடிய வேலைக்கு வெளிக்கிட்டவராம். காருக்குக் கிட்டப் போய் விழுந்தவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுதாம். வசந்தி ரஞ்சிக்குச் சொல்ல, ரஞ்சி எனக்கு எடுத்தவ.”

பரிமாறுகிற பெண் வந்து, “இனிப்பு ஏதாவது வேண்டுமா, தேனே?” என்று கேட்டாள். குலம் வேண்டாம் என்று தலையாட்டினான். என் தோளில் கை போட்டு எழுப்பிக் காருக்குக் கூட்டி வந்தான். கதவைத் திறந்து, இருத்தி, பட்டியையும் அவனே போட்டுவிட்டான். மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். கார் கிளம்பவில்லை.

“பதினொரு மணிக்குப் போன் வந்தது,” என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “கோட்டைக்குள்ளேயே சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நீ அவையளுக்குக் கதை சொல்லிக்கொண்டு நிண்டாய். இறங்கின பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு, சொன்னால் இண்டைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாய், ஒரு வாய் சாப்பிடட்டும் எண்டு நினைச்சன். சொந்தச் சகோதரத்தின்ர துடக்கில உன்னை மச்சம் தின்ன விட்டிட்டு, முன்னால இருந்து பாத்துக்கொண்டிருந்தன். நீ பகிடி விட, நானும் சேர்ந்து சிரிச்சன்.”

நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தான்.

“மூண்டு மணித்தியாலம் கூட இல்லை. எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரிப் போச்சு. நீ பன்னிரண்டு நாள் எப்பிடியடா வைச்சிருந்தனி?”

பதினொரு வருடத்தில் ஏன் மறைத்தாய் என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எப்படி வைத்திருந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

“நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டுதான்,” என்றேன்.

அவன் ஓம் என்று தலையாட்டினான். எனக்கு அழுகை வந்தது. அண்ணைக்காக அழத் தொடங்கினேன். ஆனால் பாதியில், என்னையும் தன் பிள்ளை மாதிரியே நினைத்த குலத்தின் அப்பாவின் குரல் காதில் வந்தது. அவருக்காக நான் அதுவரை அழுததே இல்லை. செய்தியை ஒளித்து வைத்தவனுக்கு அழுகிற உரிமை கிடையாது என்று என்னை நானே தடுத்து வைத்திருந்தேன். அந்தக் கடை வாசலில், வெயிலில் நிறுத்திய காருக்குள், குலத்துக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு பேருக்காகவும் அழுது முடித்தேன்.